அமுதாவைப் பனி மறைத்த ஒரு மணி நேரம்

போன வாரம் ஸ்டாஃப் ரூமில் மாட்டிக்கொண்டேன்.

அல்மாத்தி போய் வந்த போட்டோக்களை எல்லோரும் என் போனில் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரேவதி மிஸ்ஸுக்கு மட்டும் சந்தேகம் வந்துவிட்டது.

“இன்னா மிஸ், மொத நாள் போட்டோ இருக்குது, ரெண்டாவது நாள் இருக்குது, நாலாவது நாளும் இருக்குது. மூணாவது நாள் எங்க போச்சு?”

“அன்னிக்கு போன்ல சார்ஜ் இல்ல மிஸ்.”

பொய். அன்றைக்கு போனில் எண்பது சதவீதம் சார்ஜ் இருந்தது. என்னிடம்தான் இல்லை.

உங்களிடம் வாரா வாரம் இந்தப் பத்தியில் எல்லாவற்றையும் சொல்கிறவள், இதை மட்டும் மறைப்பானேன்?

முதலில் என் பயத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்காக. எனக்கு உயரம் ஆகாது. கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டு மாடியில் துணி காயப்போடும்போது கல்வராயன் மலை தெரியும். நீலமாக, சாதுவாக, யாருக்கும் கெடுதல் செய்யாத மாதிரி. கல்யாணமான புதிதில் ஒரு முறை அந்த மலைக்குப் போகும் கரியாலூர் பஸ்ஸில் ஏறினேன். ஒரு கொண்டை ஊசி வளைவில் பஸ் நின்று, பின்பக்கமாக நகர ஆரம்பித்தது. நாலடியோ ஐந்தடியோதான். கண்டக்டர் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கல் கொடுத்தார். அவ்வளவுதான் நடந்தது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

ஆனால் அந்த நாலடி... அது இருபத்தாறு வருஷமாக என் வயிற்றுக்குள் நகர்ந்துகொண்டே இருக்கிறது. அருவி பார்க்க ஊரே மலைக்குப் போகும். நான் போகமாட்டேன்.

இப்படிப்பட்டவள் எப்படிப் பனிமலைக்குப் போனாள் என்று கேட்கிறீர்களா?

அமுதாவால். என் வீட்டுக்காரரின் தங்கை. வயது நாற்பத்து நாலு. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ரிஷிவந்தியம் பக்கத்தில் இருக்கும் குடும்ப நிலத்தைப் பார்த்துக்கொள்கிறாள். கரும்பு, மக்காச்சோளம். டிராக்டரை அவளே ஓட்டுவாள். மோட்டார் ரூமில் பாம்பு புகுந்தால், ஆளைக் கூப்பிடமாட்டாள். குச்சியைத்தான் தேடுவாள்.

என் மாமனார் பக்கவாதத்தில் விழுந்து ஆறு வருஷம் படுக்கையில் இருந்தார். குளிப்பாட்டி, புரட்டிப் போட்டு, ஊட்டிவிட்டு... எல்லாம் அமுதாதான். நான்? ஞாயிற்றுக்கிழமைகளில் ஆரஞ்சுப் பழத்தோடு போவேன். ஒரு மணி நேரம் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். திங்கள்கிழமை ஸ்கூல் இருக்கிறது என்று கிளம்பிவிடுவேன். பஸ்ஸில் திரும்பும்போது, எதற்கென்று தெரியாமல் அவசர அவசரமாக ஹோம்வொர்க் நோட்டுத் திருத்துவேன்.

போன வருஷம் மாமனார் போய்ச் சேர்ந்தார். காரியமெல்லாம் முடிந்த பிறகு என் வீட்டுக்காரர் தங்கையைக் கேட்டார்.

“உனக்குன்னு இன்னா வேணும் அமுதா? நகையா, வண்டியா? சொல்லு.”

“பனி பாக்கணும்ணா.”

“ஊட்டிக்குப் போலாம். அதுக்கு இன்னா?”

“ஊட்டி இல்லண்ணா. பனி மேல கட்டையக் கட்டிக்கினு சறுக்கினு போவாங்களே... அது.”

அவர் என்னைப் பார்த்தார். விவசாய மோட்டார்களுக்குக் காயில் கட்டும் பட்டறை அவருடையது. கடையை விட்டு ஒரு நாள்கூட நகரமாட்டார். “நீ கூடப் போய்ட்டு வா,” என்றார், ஏதோ திருநாவலூர் கோயிலுக்கு அனுப்புகிற மாதிரி.

முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த ஆறு வருஷம் குறுக்கே வந்து நின்றது. “சரி,” என்றேன்.

இடத்தைக் கண்டுபிடித்தவளும் அமுதாதான். கரும்புக்குத் தண்ணீர் பாயும் நேரத்தில் வரப்பில் உட்கார்ந்து போனில் துருவியிருக்கிறாள். “சுவிட்சர்லாந்துலாம் நமக்கு வாணாம் அண்ணி. கஜகஸ்தான்ல அல்மாத்தின்னு ஒரு ஊரு. டெல்லியில ஏறுனா நாலு மணி நேரத்துக்குள்ள எறக்கி வுட்றான். கொஞ்ச நாளுக்கு நம்மாளுங்களுக்கு விசா தேவையில்ல. மலைமேல தங்குனாதான் செலவு ஜாஸ்தி. நாம கீழ டவுன்ல தங்கிக்கினு தெனம் ஏறி எறங்கலாம்.”

அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அது பெரிய நகரம். அகலமான தெருக்கள், இலையுதிர்ந்த மரங்கள், தெருவின் கடைசியில் திடீரென்று ஒரு வெள்ளை மலை! சமையலறையோடு ஒரு சின்ன வீட்டை வாடகைக்குப் பிடித்தோம். காலையில் பருப்புப்பொடி சாதத்தைக் கட்டிக்கொண்டு டவுன் பஸ் ஏறினால் மலையடிவாரம். நம் ஊர் பஸ்ஸில் கரும்புக்கட்டு ஏற்றுகிற மாதிரி அங்கே ஸ்கீ கட்டைகளை ஏற்றுகிறார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கி கேபிள் கார். மேலே போனால் பூட்ஸ், ஜாக்கெட், ஹெல்மெட், கட்டை எல்லாம் வாடகைக்கு.

சிக்கனம் நன்றாகத்தான் இருந்தது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் அதிகமாகச் சிக்கனம் பிடித்துவிட்டோம். ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு சிம் கார்டுதான் வாங்கினோம். ‘எப்பவும் ஒண்ணாத்தான இருக்கப் போறோம்?’

கேபிள் காரைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. கண்ணாடிப் பெட்டி. கீழே ஒன்றுமில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“அண்ணி, கண்ணத் தொறங்க. ஒண்ணும் ஆவாது,” என்றாள் அமுதா.

பயந்தவர்களிடம் உலகமே சொல்கிற வாக்கியம் இதுதான். ஒண்ணும் ஆவாது. இதைக் கேட்டு யாருக்காவது பயம் போயிருக்கிறதா? எனக்கு ஒரு முறைகூடப் போனதில்லை.

சொல்லிக் கொடுக்க ஐகுல் என்று ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். உடைந்த ஆங்கிலம், உடையாத பொறுமை. வேகத்தைக் குறைக்க, ரெண்டு கட்டைகளின் முனையையும் உள்பக்கமாகச் சேர்த்துக் காலை அகட்ட வேண்டும். நான் சேர்த்தேன். குப்புற விழுந்தேன். அமுதா ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள்.

“ஏர் மாதிரிதான அண்ணி? முனை கூடனா மண்ணு புடிக்கும். புடிச்சா வேகம் கம்மியாவும்.”

அவ்வளவுதான். முதல் நாள் சாயங்காலமே சின்னச் சரிவில் தானாக இறங்கி வந்தாள். ரெண்டாம் நாள் திரும்பவும் நிற்கவும் தெரிந்துவிட்டது. தலையில் வயலில் கட்டுகிற பச்சைத் துண்டு, அதன்மேல் ஹெல்மெட். நடந்தது, விழுந்தது, சிரித்தது எல்லாமே அவள்தான். நான் ஓரமாக நின்று போட்டோ எடுத்தேன். ஆறு வருஷமாக நான் பார்க்காத முகம் அது.

மூன்றாம் நாள் காலை, பயிற்சிச் சரிவுக்கு மேலே போகிற நாற்காலி லிஃப்டைக் காட்டினாள்.

“ஒரே ஒரு ரவுண்டு அண்ணி. மேல போய் சுலபமான வழியில எறங்கி வந்துர்றேன். பத்து நிமிஷம்.”

“வேணாம் அமுதா. ஐகுலும் கூட இல்ல.”

“சின்னப் பசங்கள்லாம் போறானுங்க அண்ணி!” தன் போனை எடுத்து என் கையில் திணித்தாள். “பனியில வுழுந்துரும். வெச்சுக்கோங்க.”

நாற்காலி அவளைத் தூக்கிக்கொண்டு போனது. திரும்பிக் கையாட்டினாள். நான் கீழே கேன்டீன் ஜன்னலோரம் பால் டீயோடு உட்கார்ந்தேன்.

பத்து நிமிஷம் ஆனது. பதினைந்து.

அப்போதுதான் மேகம் இறங்கியது. நம் ஊரில் மேகம் என்றால் தலைக்கு மேலே இருக்கும். இது சரிவில் உருண்டு வந்தது. முதலில் மலை உச்சி காணாமல் போனது. பிறகு மரங்கள். பிறகு லிஃப்ட் கம்பங்கள் ஒவ்வொன்றாக... பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஜன்னலுக்கு வெளியே வெள்ளைத் தாள் ஒட்டியது போல ஆகிவிட்டது. காற்று ஊளையிட்டது. லிஃப்ட் நின்றது.

இருபத்தைந்து நிமிஷம்.

மேலே இருந்தவர்கள் இரண்டு இரண்டு பேராக இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். வெள்ளைக்குள்ளிருந்து ஒரு நிழல் வரும். அமுதா என்று எழுந்து நிற்பேன். யாரோ. அடுத்த நிழல். யாரோ. கடைசியில் நிழல்களும் வருவது நின்றுவிட்டது.

என் கையில் ரெண்டு போன்கள். ரெண்டுமே என்னிடம். யாரைக் கூப்பிடுவது?

வீட்டுக்காரரின் முகம் வந்தது. ‘உன்ன நம்பித்தான அனுப்புனேன்?’ அவர் அப்படிக் கேட்கிறவர் இல்லை. கேட்கமாட்டார் என்பதுதான் இன்னும் பயமாக இருந்தது.

ஓடினேன். அந்த பூட்ஸோடு ஓட முடியாது. விழுந்து எழுந்து, விழுந்து எழுந்து, ஐகுல் வேலை பார்க்கும் அறைக்குப் போனேன். “மை சிஸ்டர்... அப்... நோ கம்...” இருபத்தெட்டு வருஷமாக டீச்சராக இருக்கிறேன். வாயில் வந்தது அவ்வளவுதான்.

ஐகுல் கேள்வியே கேட்கவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மீட்புக் குழுவின் கூடாரத்துக்குப் போனாள். ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட நாலு பேர். அவர்களில் ஒருவர் ஐகுல் வழியாகக் கேட்டார். “அவங்க ஜாக்கெட் என்ன நிறம்?”

நீலம் என்று சொன்ன பிறகுதான் உறைத்தது. வாடகைக் கடையிலிருந்து வந்த எல்லோருமே அதே நீல ஜாக்கெட். என் மேலே இருப்பதும் அதேதான்.

“துண்டு!” என்று கத்தினேன். “தலையில பச்சைத் துண்டு!” தமிழில்தான் கத்தினேன். பிறகு கையால் தலையைச் சுற்றிக் காட்டினேன். அவர்களுக்குப் புரிந்தது.

ரெண்டு பேர் பனி ஸ்கூட்டரில் கிளம்பினார்கள். நம் ஊர் பைக் மாதிரிதான். சக்கரத்துக்குப் பதிலாக முன்னால் சறுக்குக் கட்டை, பின்னால் பெல்ட். சத்தம் வெள்ளைக்குள் போய்த் தேய்ந்தது. நான் கூடாரத்தில் நின்றேன். ஐகுல் என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். கடவுளைக் கும்பிட்டேனா என்று கேட்டால், இல்லை. ஒரு சாமி பெயர்கூட நினைவுக்கு வரவில்லை. பயத்தில் அதுவும் போய்விடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நாற்பது நிமிஷம்... நாற்பத்தைந்து...

வாக்கி டாக்கி கரகரத்தது. ஐகுல் காதை வைத்துக் கேட்டாள். “கண்டுபிடிச்சுட்டாங்க. உயிரோட இருக்காங்க. அடிபடல. ஆனா...”

ஆனா?

“கம்பத்தைக் கட்டிப் பிடிச்சிருக்காங்க. விடமாட்டேங்கறாங்க. தொட்டா கத்தறாங்க. அவங்க சொல்றது எங்க ஆளுங்களுக்குப் புரியல. நீங்க பேசுங்க.”

வாக்கி டாக்கியை என் வாயருகில் வைத்தார்கள்.

“அமுதா! அண்ணி பேசறேன். கேக்குதா?”

காற்று.

“அமுதா, அவங்க நல்லவங்கதான். கையக் குடு. அவங்களோட வந்துரு.”

காற்றுக்குள்ளிருந்து ஒரு குரல். அது அமுதாவின் குரல் என்று நம்பவே முடியவில்லை. அவ்வளவு சின்னதாக இருந்தது.

“அண்ணி... நீ வா.”

இருபத்தாறு வருஷத்தில் அவள் என்னை ‘நீ’ என்றதில்லை.

அதற்கப்புறம் யோசித்ததாக நினைவில்லை. யோசித்திருந்தால் போயிருக்கமாட்டேன். மீட்புக் குழுக்காரர் ஒருவரின் பின்னால் பனி ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தேன். முன்பின் தெரியாத ஆம்பிளையின் இடுப்பை ரெண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். அவருக்கு மூச்சு முட்டியிருக்கும். வண்டி செங்குத்தாக ஏறியது. எங்கே ஏறுகிறது, பக்கத்தில் என்ன இருக்கிறது, எதுவும் தெரியவில்லை. கண்ணை மூடினாலும் திறந்தாலும் ஒரே வெள்ளை. வயிறு பின்பக்கமாக நகர்ந்தது. வழி முழுக்கக் கத்திக்கொண்டுதான் போனேன். வெட்கப்படாமல் சொல்கிறேன்.

வண்டி நின்ற இடத்தில் ஓரமாக ஒரு வலை கட்டியிருந்தது. அந்த வலையின் கம்பத்தோடு கம்பமாக அமுதா. பச்சைத் துண்டின் நுனியில் பனி உறைந்து வெளுத்திருந்தது. ஒரு காலில்தான் கட்டை இருந்தது.

மண்டியிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். உதடு நீலம். கண் என்னைப் பார்க்கவில்லை.

“வழி தப்பிட்டேன் அண்ணி... ஒண்ணுமே தெரியல. கட்டை ஒண்ணு கழண்டு கீழ போச்சு. வுழுந்த சத்தமே கேக்கல அண்ணி. சத்தமே இல்ல...”

வலைக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். வெள்ளை. ஆழம் எவ்வளவு என்று மலைக்குத்தான் தெரியும்.

பாம்புக்குக் குச்சி தேடுகிறவள் இவள். இவளுக்கு என்ன சொல்வது? ஒண்ணும் ஆவாது என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். பயத்தைப் பற்றி எனக்குத் தெரிகிற அளவு இந்த உலகத்தில் யாருக்குத் தெரியும்?

“ஆமாண்டி. பயமாத்தான் இருக்குது,” என்றேன். “எனக்குக் கை காலெல்லாம் நடுங்குது பாரு. நீ கம்பத்த வுட வேணாம். நானும் புடிச்சுக்கறேன்.”

அவள் கைகளின் மேல் என் கைகளை வைத்து அந்தக் கம்பத்தைக் கட்டிக்கொண்டேன். ஆரஞ்சு ஜாக்கெட்காரர்கள் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார்கள். அவர்களுக்குப் பழக்கம் போலிருக்கிறது.

கொஞ்ச நேரத்தில் அழுதாள். அப்பா செத்தபோதுகூட இவள் அழுது நான் பார்க்கவில்லை. வந்தவர்களுக்குக் காபி போட்டுக்கொண்டிருந்தாள்.

“ஆறு வருஷமா பயப்பட நேரமே இல்ல அண்ணி. மூச்சு வாங்குதா, மருந்து குடுத்தேனா, இதேதான். இங்க உக்காந்தா... யாருமே இல்ல. நான் பாத்துக்க வேண்டியவங்களும் இல்ல. என்னப் பாத்துக்கவும் யாரும் இல்ல.”

“நான் வந்திருக்கணும் அமுதா,” என்றேன். “ஞாயித்துக்கெழமை மட்டும் இல்ல. அப்பவே வந்திருக்கணும்.”

அவள் பரவாயில்லை என்று சொல்லவில்லை. அதற்காக அவளுக்கு நன்றி. பொய்யாகச் சொல்லியிருந்தால் எனக்கு இன்னும் வலித்திருக்கும். ஆனால் ஒரு கையைக் கம்பத்திலிருந்து எடுத்து என் ஜாக்கெட்டைப் பிடித்துக்கொண்டாள்.

வண்டியில் ஏறமாட்டேன் என்றாள். பனியில் இழுத்துப்போகும் படுக்கையைக் காட்டினார்கள். அதிலும் படுக்கமாட்டேன் என்றாள். படுக்கை என்றதுமே முகம் மாறியது. எனவே நடந்தோம். மிச்சமிருந்த கட்டையையும் கழற்றிவிட்டார்கள். ஆரஞ்சு ஜாக்கெட்காரர் ஒருவர் முன்னால் குதிகாலால் பனியில் படி வெட்டிக்கொண்டே போனார். இன்னொருவர் பின்னால். நடுவில் நாங்கள் ரெண்டு பேரும், வலையைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில், நண்டு மாதிரி.

நான் எண்ண ஆரம்பித்தேன். கணக்கு டீச்சருக்குத் தெரிந்த ஒரே மந்திரம் அதுதான்.

“ஒண்ணு. காலை வை. ரெண்டு. நானும் வெச்சுட்டேன். மூணு...”

நூறு வரை எண்ணுவேன். திரும்பவும் ஒன்று. நடுவில் நான் வழுக்கினேன். அமுதா பிடித்தாள். அவள் வழுக்கினாள். நான் பிடித்தேனோ, ரெண்டு பேரும் உட்கார்ந்துவிட்டோமோ, சரியாக நினைவில்லை. எத்தனையாவது நூறு என்றும் தெரியவில்லை... திடீரென்று கேன்டீனின் மஞ்சள் விளக்கு மங்கலாகத் தெரிந்தது. முன்னால் போனவர் திரும்பிக் கட்டைவிரலைக் காட்டினார். அங்கேயே, தட்டையான தரையில், அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் வீட்டிலேயே படுத்துக் கிடப்போம் என்றுதான் நினைத்தேன். காலையில் அமுதா துண்டைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“போலாம் அண்ணி. சின்னச் சரிவுக்கு மட்டும். ஆனா நீ என் பக்கத்துலயே நில்லு.”

நின்றேன். விழுந்தேன். கேபிள் காரில் அன்றைக்கும் கண்ணை மூடித்தான் வைத்திருந்தேன். பயம் போய்விட்டது என்று யாராவது கதை விட்டால் நம்பாதீர்கள். அது எங்கேயும் போகாது. கூட ஒரு ஆள் பயந்தால், கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுக்கும். அவ்வளவுதான்.

கீழே இறங்கிய கொஞ்ச நேரத்தில் வீட்டுக்காரர் வீடியோ காலில் வந்ததைச் சொல்ல மறந்துவிட்டேனே! மூன்றாம் நாள். அமுதா ஒரு போர்வைக்குள், நான் ஒரு போர்வைக்குள், ரெண்டு பேர் கையிலும் பால் டீ.

“இன்னா, ரெண்டு பேரும் ஜாலியா சறுக்கினு இருக்கீங்களா?”

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். “சூப்பரா இருக்குதுண்ணா,” என்றாள் அமுதா. இன்று வரை அவருக்கு அவ்வளவுதான் தெரியும்.

என் பத்தியை ஒரு வாரம் விடாமல் படிப்பதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்... பார்ப்போம்.